கண்ணா, காதா, கையா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுவைக்குப் பேருந்தில் சென்றவர்கள் மரக்காணத்தை மறந்திருக்கமாட்டார்கள். சதுரம் சதுரமாகப் பாத்திகள். வரப்புகளின் மேல் கூம்பு கூம்பாக உப்பு. தை, மாசியில் பாத்தி திருத்தத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரை இங்கு வேலை உண்டு. மழை வந்துவிட்டால் அளமும் ஓயும், கூலியும் ஓயும்.

இந்த உப்பளத்தில் வேலை பழகிய ஒருவரிடம் சென்று, "ஐயா, இந்தத் தொழிலைப் பார்த்துக் கற்றீர்களா, கேட்டுக் கற்றீர்களா, செய்து கற்றீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிடுவார். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்கவேண்டும். கடல்நீரின் செறிவு பாமே அளவில் ஏறத்தாழ 3 பாகை. அது வெயிலில் படிப்படியாக வற்றி 24, 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். 29, 30 பாகைக்கு மேல் விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும்; ஆகவே எஞ்சிய நீரை அதற்குள் வடித்துவிடவேண்டும். இதில் கண்ணுக்கும் வேலை, காலுக்கும் வேலை, மூத்தவர் சொல்வதைக் கேட்கும் காதுக்கும் வேலை. எதைக் கற்கிறோமோ அதுவே கற்கும் வழியை முடிவு செய்கிறது. கற்பவரின் விருப்பத்தை இங்கு யாரும் கேட்பதில்லை.

இனி, அந்தத் தொழிலாளியின் மகன் கல்லூரிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வகுப்பில் ஒரு வினாநிரல் தரப்படுகிறது. புதிய கருவி ஒன்றை இயக்கவேண்டுமானால் படத்தைப் பார்ப்பீரா, ஒருவர் சொல்லக் கேட்பீரா, குறிப்பேட்டைப் படிப்பீரா, நேரே கையில் எடுத்து இயக்கிப் பார்ப்பீரா? இத்தகைய கேள்விகள் பத்துப் பதினைந்து. அவன் பெரும்பாலும் "கையில் எடுத்துப் பார்ப்பேன்" என்பதற்கே குறியிடுகிறான். முடிவு வருகிறது: இவன் செய்து கற்பவன். நூல்வழிக் கல்வி இவனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

நண்பர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நாம் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். இயற்பியலோ வரலாறோ படிக்க ஆசைப்பட்டு வந்த ஒரு மாணவனின் எதிர்காலத்தையே திருப்பிவிடக்கூடிய வாக்கியம் இது. அது உண்மையானால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். உண்மைதானா? ஒருவர் விரும்பும் கற்கும் வழிக்கும் அவர் தேர்வில் பெறும் தேர்ச்சிக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வியின் வரலாறு சுவையானது. அதைத் தேடி நாம் மரக்காணத்தை விட்டு வெகுதூரம் போகவேண்டியதில்லை.

எண்ணாயிரத்தின் 340 மாணவர்

மரக்காணம் பழமையான ஊர். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இவ்வூருக்கு மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், எண்ணாயிரம் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்குள்ள கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒரு கல்லூரியின் கணக்கையே நமக்குத் தருகிறது. இளநிலை மாணவர் 270 பேர்; முதுநிலை மாணவர் 70 பேர்; ஆசிரியர் 14 பேர். இளநிலையில் இருக்கு வேதம் கற்போர் 75, யசுர் வேதம் கற்போர் 75, இலக்கணம் கற்போர் 40 என்று ஒவ்வொரு பாடத்துக்கும் எண்ணிக்கை உண்டு. முதுநிலையில் வியாகரணம் 25, மீமாம்சை 35, வேதாந்தம் 10. இளநிலை மாணவனுக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல். முதுநிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி.

இது தனித்த ஒரு கல்லூரியன்று. புதுவைக்கு மேற்கேயுள்ள திருபுவனையில் 1048-ஆம் ஆண்டில், முதலாம் இராசாதிராசன் காலத்தில், 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி இருந்தது. புதுவைக்குத் தெற்கே பாகூரில், இவற்றுக்கும் முன்னதாக ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் வித்தியாத்தானம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைச் செப்பேடுகள் கூறுகின்றன. மாட்டு வண்டிக் காலத்துக் கணக்கில் பார்த்தால் எல்லாம் மரக்காணத்திலிருந்து ஓரிரு நாள் வழிதான்.

இக்கல்லூரிகளில் எப்படிக் கற்றார்கள்? வேதம் ஓதும் முறை இன்றும் மரபில் உள்ளது. முதலில் சொல் சொல்லாகப் பிரித்து ஓதுவது. பின்பு ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-நான்கு என்று இரண்டிரண்டு சொல்லாகக் கோத்து ஓதுவது, இது கிரமம். அடுத்து, ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு என்று முன்னும் பின்னுமாகச் செல்வது, இது சடை. மூன்று சொற்களை இவ்வாறே முறுக்கி ஓதுவது கனம். சுரத்துக்கு ஏற்பக் கையும் தலையும் அசையும். காது கேட்கும், வாய் சொல்லும், உடல் அசையும். எழுத்து ஒன்றைத் தவிர எல்லா வழியும் ஒரே மாணவனிடத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. எனக்குக் கிரமம் போதும், சடை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இடமில்லை.

நம் கண்ணில் படாத ஒன்றும் அக்கல்வெட்டில் உண்டு. அந்த 340 பேரில் உப்பு வாருவோர் வீட்டுப் பிள்ளை ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. அது அந்தணர்க்கென அமைந்த கல்வி. ஒரு பிள்ளைக்கு எந்த வழி பொருந்தும் என்று அந்தக் காலம் கேட்கவில்லை. எந்தப் பிறப்பு பொருந்தும் என்றுதான் கேட்டது. பிற பிள்ளைகளின் படிப்பைக் காண நாம் திண்ணைக்கு வரவேண்டும்.

திண்ணையும் மணலும்

1822-ஆம் ஆண்டு சூன் 25-ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் தொகுக்கப்பட்டபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருப்பதாகத் தெரிந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இவற்றுள் மிகப் பல, ஓர் ஆசிரியரும் சில பிள்ளைகளும் மட்டுமே கொண்ட சிறு பள்ளிகள். உழவர், வணிகர், கைத்தொழிலாளர் பிள்ளைகள் இவற்றில் படித்தனர். பெண் பிள்ளைகள் 4,540 பேரே. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பல திண்ணைகளில் கால்வைக்கவும் முடியவில்லை. பிரம்படியோ தாராளம். ஆகவே பழைய திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக வருணிப்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் அங்கு நடந்த கற்கும் முறையைக் கவனியுங்கள். தரையில் பரப்பிய மணலில் பிள்ளை விரலால் எழுதும். எழுதும்போதே அந்த எழுத்தை உரக்கச் சொல்லும். விரல் உணர்கிறது, கண் காண்கிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. மணல் பழகியபின் பனையோலை. எண்சுவடியில் முந்திரி, காணி, மா என்று பின்னங்களும் பெருக்கல் வாய்பாடும் குழிமாற்றும். ஓலையில் எழுதியதை அப்படியே பார்த்து ஒப்பிப்பதோடு படிப்பு முடிவதில்லை. ஓலையை மூடிவைத்துவிட்டு, சட்டாம்பிள்ளையின் முன் நினைவிலிருந்து முறை சொல்லவேண்டும். புதுவை பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு, திண்ணைக் கணிதத்தைப் பற்றி 2022-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். திண்ணையில் நினைவு என்பது பொருள் தெரியாமல் உருப்போடுவது மட்டுமன்று, அதுவே கற்கும் ஒரு முறை என்பது அவர் காட்டும் செய்தி. நெல் அளப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் அக்கணக்குகள் உடனே பயன்பட்டன.

உ. வே. சாமிநாதையர் தம் இளமைக்காலத் திண்ணைப் படிப்பைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அதை மறக்காமல் வந்து சொல்லவேண்டும். விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தச் சிறு வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் நாம் மீண்டும் இதனிடம் வருவோம்.

எழும்பூரிலிருந்து ஸ்காட்லாந்துக்கு

திண்ணையின் மணல் கடல் கடந்து சென்ற கதையும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் இந்தியா வந்து, 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர் போதவில்லை; இருந்தவர்களும் புதுமைக்கு இணங்கவில்லை. ஒரு நாள், நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர் மறுக்கவே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் மணலில் எழுத்துக் கற்பித்து வெற்றி பெற்றான்.

1796-இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த முறை "மதராஸ் முறை" என்ற பெயரோடு பிரிட்டனில் பரவியது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டரும் இதுபோன்ற முறையை நடத்தினார். அவர் பள்ளியிலும் மணல் தட்டுகள் இருந்தன. பெல்லின் பிறந்த ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூசில் இன்றும் ஒரு பள்ளி "மதராஸ் கல்லூரி" என்றே வழங்கப்படுகிறது. நம் சட்டாம்பிள்ளைக்கு அங்கே சிலை வைக்காதது ஒன்றுதான் குறை!

இந்த முறை செலவு குறைந்தது என்பதற்காகவே பலர் அதை விரும்பினர் என்பது உண்மை. இயந்திரம் போல ஆகிவிட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆயினும் இதில் ஓர் அறிவியல் உண்மை மறைந்திருந்தது. சொல்லிக் கொடுக்கும் பிள்ளை, கேட்கும் பிள்ளையைவிடக் குறையாமல் கற்கிறது. 1980-இல் அமெரிக்காவில் ஜான் பார்க், யாகோவ் ஷூல் ஆகிய இருவர் இதைச் சோதித்தனர். தாமே தேர்வு எழுதவேண்டும் என்று எண்ணிப் படித்தவர்களைவிட, பிறருக்குக் கற்பிக்கவேண்டும் என்று எண்ணிப் படித்தவர்கள் மிகுதியாகக் கற்றிருந்தனர்.

மனிதரில் வகை பிரித்த கதை

இதுவரை நாம் கண்ட கல்லூரியிலோ திண்ணையிலோ, "இவன் கண்ணால் கற்பவன், அவன் காதால் கற்பவன்" என்ற பேச்சே இல்லை. அந்தப் பேச்சு எங்கே தொடங்கியது?

1880-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் ஒரு வினாநிரலைப் பலருக்கும் அனுப்பினார். இன்று காலை நீங்கள் உணவருந்திய மேசையை மனக்கண்ணில் காணுங்கள். ஒளி எப்படி? நிறம் எப்படி? விளிம்புகள் தெளிவாகத் தெரிகின்றனவா? விடைகள் அவரை வியப்பில் ஆழ்த்தின. சிலர் நேரில் காண்பது போலவே காண்பதாக எழுதினர். அறிவியல் அறிஞர் சிலரோ மனக்கண் என்பதே வெறும் அணிவழக்கு என்று எண்ணியிருந்தனர். மனத்தின் உள்ளே மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு என்பது இவ்வாறு உறுதியாயிற்று. அதே காலத்தில் பிரான்சில் காட்சி வகையினர், செவி வகையினர், இயக்க வகையினர் என்று மூன்று பிரிவு பேசப்பட்டது.

வேறுபாடு உண்டு என்பது ஒன்று. ஆகவே வேறுபட்ட முறையில் கற்பித்தால் தேர்ச்சி கூடும் என்பது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரு தாவல் தேவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலர் அந்தத் தாவலைச் சோதனையின்றியே செய்துவிட்டனர். 1992-இல் நியூசிலாந்தின் நீல் பிளெமிங், பார்த்தல், கேட்டல், படித்தெழுதுதல், செய்தல் என்னும் நான்கு வகை கொண்ட வினாநிரலை வெளியிட்டார். நியாயமாகச் சொல்லவேண்டும்: தம் வினாநிரல் விருப்பத்தைக் காட்டுவது, ஆற்றலை அளப்பதன்று என்று பிளெமிங்கே கூறியிருக்கிறார். அந்த எச்சரிக்கை வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. 2004-இல் இங்கிலாந்தில் பிராங்க் காபீல்டும் அவர் குழுவினரும் எண்ணிப் பார்த்தபோது, மாணவரை வகைப்படுத்தும் திட்டங்கள் 71 இருந்தன! 71 வழியில் மனிதரைப் பிரிக்க முடிகிறது என்றால், பிரிப்பவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பொருள்.

ஒட்டுறவு காட்டுவதும் காட்டாததும்

நம் கல்வியியல் கல்லூரிகளிலும் இத்தலைப்பில் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. சில நூறு மாணவரிடம் வினாநிரல் தருவது; அவர்களின் மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்வது; இரண்டுக்கும் ஒட்டுறவு கணக்கிடுவது. படித்தெழுதும் விருப்பமுள்ளோர் கூடுதல் மதிப்பெண் பெற்றனர் என்று ஓர் ஆய்வு முடிவு கண்டால் அதிலிருந்து நாம் என்ன அறிகிறோம்?

மிகக் குறைவே அறிகிறோம். நம் தேர்வே எழுத்துத் தேர்வு. எளிதாகப் படிக்க வருபவருக்குப் படிப்பது பிடிக்கும். அவர் மதிப்பெண்ணும் பெறுவார். நன்றாக நீந்துகிறவன் நீச்சல் பிடிக்கும் என்பான். பிடித்ததால் நீந்தினானா, நீந்த வந்ததால் பிடித்ததா? வீட்டில் நூல்கள் இருந்தனவா, பயிற்று மொழி பள்ளியில் ஒன்றும் கல்லூரியில் மற்றொன்றுமாக மாறியதா, அளம் ஓய்ந்த மழை மாதங்களில் கட்டணம் கட்ட முடிந்ததா என்பவையெல்லாம் அந்த மதிப்பெண்ணில் கலந்திருக்கின்றன. விருப்பம் என்னும் ஒரே கட்டத்தில் இவை அனைத்தையும் அடைத்துவிட முடியாது.

சரியான சோதனை எப்படி இருக்கவேண்டும்? 2008-இல் ஹெரால்டு பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் என்னும் நான்கு அமெரிக்க உளவியலறிஞர் இதைத் தெளிவாக வரையறுத்தனர். காட்சி வகையினர் என்று சொல்லப்படுவோரில் பாதிப் பேருக்குக் காட்சி முறையிலும், மறுபாதிக்குச் செவி முறையிலும் கற்பிக்கவேண்டும். செவி வகையினரையும் இவ்வாறே இரண்டாகப் பிரிக்கவேண்டும். எல்லோருக்கும் முடிவில் ஒரே தேர்வு. காட்சி வகையினர் காட்சி முறையிலும், செவி வகையினர் செவி முறையிலும் மேம்பட்டால்தான் கொள்கை மெய். இந்த நிபந்தனையை நிறைவேற்றிய ஆய்வுகள் மிகச் சிலவே. அவற்றிலும் பல கொள்கைக்கு எதிரான முடிவையே தந்திருந்தன.

பின்வந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் செல்கின்றன. 2015-இல் பெத் ரோகவ்ஸ்கி குழுவினர், ஒரே நூற்பகுதியைச் சிலருக்குக் கேட்கவும் சிலருக்குப் படிக்கவும் தந்து, உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் சோதித்தனர். தாம் விரும்பிய வழியில் கற்றவர்கள் கூடுதலாக எதுவும் பெறவில்லை. 2019-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பயின்ற 426 மாணவரைப் பாலி ஹஸ்மன், வேலரி ஓ'லாக்லின் ஆகியோர் ஆராய்ந்தனர். மூன்றில் இரு பங்கினர் தம் வகைக்கு ஏற்பப் படிக்கவே இல்லை. ஏற்பப் படித்தவர்களும் அதனால் மதிப்பெண்ணில் மேம்படவில்லை. நுண்ணோக்கிப் படங்களைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தவர்களும் வகுப்புக் குறிப்புகளைப் பயன்படுத்தியவர்களும், எந்த வகையினராயினும், நன்றாகத் தேறினர். திசுக்களைப் பற்றிக் கற்கத் திசுக்களைப் பார்த்தே ஆகவேண்டும். மரக்காணத்து உப்பளத்தில் நாம் கண்டதும் இதுதான் அன்றோ?

இனிக்கும் வழியும் நிலைக்கும் வழியும்

அப்படியானால் விருப்பத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் நாம் எதிர்பார்த்த திசையில் இல்லை. இதுவே இவ்வரலாற்றில் மிகவும் வியப்பான பகுதி.

2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்பிக் ஆகியோர் கல்லூரி மாணவரிடம் உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தனர். ஒரு முறை படித்தபின், மீண்டும் ஒரு முறை படிப்பது ஒரு வழி. தாளை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதிப் பார்ப்பது மற்றொரு வழி. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தோர் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தோர் 75 விழுக்காடும் நினைவு கூர்ந்தனர். திரும்பப் படித்ததே மேல் என்று தோன்றுகிறது அல்லவா? பொறுங்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தோர் 42 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டனர். எழுதிப் பார்த்தோர் 56 விழுக்காட்டில் நின்றனர்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1939-இலேயே ஹெர்பர்ட் ஸ்பிட்சர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதனைக் கண்டிருந்தார். படித்ததை விரைவில் ஒரு முறை நினைவிலிருந்து எடுத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு அது நெடுநாள் தங்கியது. திண்ணை ஆசிரியர் மாலையில் சொல்லி அனுப்பிய பூவின் பெயர் இங்கேதான் வருகிறது. ஓர் இரவு இடைவெளி. பின்பு நினைவிலிருந்து ஒரு விடை. காரணம் அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பழக்கம் பயன் தந்தது, அவ்வளவே.

நாம் ஏன் இந்த வழியை விரும்புவதில்லை? மறந்ததை மீட்டெடுக்க முயல்வது சங்கடமானது. தடுமாறுகிறோம், ஒன்றும் தெரியவில்லை என்ற எண்ணம் வருகிறது. மாறாக, அடிக்கோடிட்ட பக்கத்தை மீண்டும் புரட்டும்போது எல்லாம் பழகியதாகத் தோன்றுகிறது. பழகியது என்ற உணர்வைத் தெரிந்தது என்று மனம் கணக்கெழுதிவிடுகிறது. 2008-இல் நேட் கோர்னெல், ராபர்ட் பியோர்க் இருவரும் பன்னிரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டினர். ஓவியர் ஒவ்வொருவரின் படங்களையும் அடுத்தடுத்துத் தொகுப்பாகக் காட்டுவது ஒரு முறை. எல்லாரையும் கலந்து காட்டுவது மற்றொரு முறை. கலந்து கற்றபோதே பெரும்பான்மையோர் நன்கு அடையாளம் கண்டனர். ஆனால் எது நன்று என்று கேட்டால், தொகுத்துக் காட்டியதே நன்று என்று பலர் கூறினர். தேர்வு முடிந்தபின்னும் அப்படியே கூறினர்!

2019-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் லூயி தெலோரியே குழுவினர் செய்த சோதனை இதனை நம் வகுப்பறைக்கே கொண்டுவந்துவிடுகிறது. இயற்பியல் மாணவர் ஒரு பாடத்தை நாவன்மை மிக்க விரிவுரையாகக் கேட்டனர். மற்றொரு பாடத்தைச் சிறு குழுக்களாகக் கணக்கிட்டுத் தடுமாறிக் கற்றனர். பாடக் கருத்து ஒன்றே. குழுக்கள் மட்டும் மாற்றி அமைக்கப்பட்டன. விரிவுரையில் நிறையக் கற்றோம் என்று மாணவர் எழுதினர். தேர்விலோ தடுமாறிக் கற்றதே மேம்பட்டிருந்தது. விருப்பம் ஒரு பக்கம், தேர்ச்சி மறுபக்கம்.

விரிவுரையாளர்கள் என்மேல் கோபிக்க வேண்டாம். நல்ல விரிவுரை ஆர்வத்தை எழுப்பும். ஆர்வம் இல்லாதவன் தடுமாறக்கூட உட்காரமாட்டான். விருப்பத்தின் பங்கு அங்கே உண்டு. படம் பிடிக்கும் என்றால் படத்திலிருந்து தொடங்குங்கள். நூலகத்தைவிட மரத்தடி பிடிக்கும் என்றால் மரத்தடியில் அமருங்கள். தொடங்கும் இடத்தை விருப்பம் தெரிந்தெடுக்கட்டும். எந்தப் பாடத்துக்கு அவன் உரியவன் என்பதை அந்த வினாநிரல் தெரிந்தெடுக்க விடக்கூடாது. மரக்காணத்து மாணவனிடம், நீ கையால் கற்பவன், உனக்கு வரலாறு வராது என்று சொல்வதற்கு ஆதாரம் எந்த ஆய்விலும் இல்லை. எண்ணாயிரம் ஒரு காலத்தில் பிறப்பைக் கேட்டு வாயிலை அடைத்தது. இன்று அதே வேலையை ஒரு வினாநிரல் மென்மையான குரலில் செய்துவிடக் கூடும்.

இதை நான் சொல்லி நீங்கள் நம்பவேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்கள் பாடநூலில் ஏறக்குறைய ஒரே அளவும் ஒரே கடினமும் உள்ள இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இரண்டாம் பகுதியை ஒரு முறை மட்டும் படித்து, நூலை மூடி, நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் நூலைத் திறந்து பிழை பார்க்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் செலவிடும் நேரம் சமமாக இருக்கட்டும். எந்தப் பகுதி நன்றாகப் பதிந்தது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை அன்றே ஓரிடத்தில் குறித்துவையுங்கள். ஏழு நாள் கழித்து, நண்பர் ஒருவரிடம் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் பத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேள்விகளை அவரே தயாரிக்கவேண்டும். முன்கூட்டி உங்களுக்குத் தெரியக்கூடாது.

நூல் கையில் இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தையே பயன்படுத்தலாம். இதழை மூடிவிட்டுச் சொல்லுங்கள்: எண்ணாயிரத்தில் முதுநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு எத்தனை நாழி நெல்? எத்தனையாவது பாகையில் உப்பு படியத் தொடங்குகிறது?